திண்ணைப் பள்ளிகளை ஆராய்ந்த மன்றோ

சென்னைத் தீவுத்திடலின் அருகே, சேணமின்றி நிற்கும் குதிரையின்மேல் அமர்ந்த வெண்கல உருவம் ஒன்றைக் காணலாம். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராய் விளங்கிய சர் தாமஸ் மன்றோவின் உருவமே அது. இரயத்துவாரி என்னும் நிலவரி முறையால் அவர் பெயர் வரலாற்றில் நிலைபெற்றது. நம் நாட்டுப் பள்ளிகள் எந்நிலையில் இருந்தன என்பதை அறிய முற்பட்டவரும் அவரே என்பதைப் பலர் அறியார்.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவுடன் புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வாணிகம் அழிந்தது. ஆகவே, மன்றோ கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, 1780-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். ஐதர் அலியுடன் நிகழ்ந்த போரில் ஈடுபட்டார்.

1792-க்குப்பின் ஏறத்தாழ ஏழாண்டுகள் பாரமகால் என்னும் பகுதியில் வரித்தண்டல் பணி புரிந்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளே அவை. நாட்டு மொழிகளைக் கற்று, கூடாரங்களில் தங்கி, ஊர்தோறும் சென்று உழவரோடு உரையாடினார். பின்னர், 1800 முதல் 1807 வரை பல்லாரி, கடப்பைப் பகுதிகளையும் அவ்வாறே சுற்றி வந்தார். ஓர் ஊரின் நிலையை அறிய வேண்டுமாயின் அவ்வூர் மக்களின் வாய்மொழியைக் கேட்க வேண்டும் என்னும் வழக்கம் அவரிடம் இங்ஙனம் வேரூன்றியது.

ஆளுநர் ஆனபின் ஒரு குறை அவர் கருத்தை ஈர்த்தது. நிலத்தை அளந்தனர், விளைவைக் கணக்கிட்டனர், மக்கள்தொகையையும் எண்ண முயன்றனர். ஆயினும், மக்களின் கல்வியைப்பற்றி அரசினரிடம் ஒரு குறிப்பேனும் இல்லை. மக்கள் அறியாமையில் மூழ்கியவர் என்று அதிகாரிகள் பலர் எளிதாகக் கூறி வந்தனர். கூறியவருள் எவரும் கண்டு கூறியவர் அல்லர். எனவே, 1822-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகள் எத்தனை, பயில்வோர் எத்தனை பேர், அவருள் எவ்வெவ்வகுப்பினர் எத்துணையர், சிறுமியர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களைப் பணிக்க ஆணை வகுத்தார். அவ்வாணையில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. பள்ளிகளின் நடைமுறையில் எவரும் தலையிடலாகாது. மக்கள் தம் பள்ளிகளைத் தம் விருப்பப்படியே நடத்த விட வேண்டும் என்பது அது.

மறுமொழிகள் வந்து சேர இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் பயின்றனர். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சற்று முன்காலத்தில் இருந்த நிலைக்குத் தாழ்ந்ததன்று. ஆனால், பயின்றோருள் சிறுமியர் 4,540 பேரே! வீட்டில் பயின்றோரின் கணக்கும் இதில் சேரவில்லை. சென்னை நகரில் அத்தகையோர் பள்ளியில் பயின்றோரைப்போல் ஐந்து மடங்கினர் என்றொரு கணக்கு வந்தது. மன்றோ அதனை அப்படியே நம்பவில்லை. பிழை இருக்கலாம் என்று ஐயுற்றார். எனினும், வீட்டுக் கல்வியையும் கருதி, பள்ளி வயதுச் சிறுவருள் மூன்றில் ஒரு பங்கினரை ஒட்டியோர் கல்வி பெற்றனர் என மதிப்பிட்டார்.

புதுக்கோட்டையார் இவ்வட்டவணையில் தம் ஊரைத் தேடினால் காணார். அது தொண்டைமான் மன்னரின் ஆட்சியில் இருந்தமையால் கலெக்டரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சுற்றிலும் இருந்த திருச்சிராப்பள்ளி, தஞ்சை மாவட்டங்களின் பள்ளிகள் எண்ணப்பட்டன. சமஸ்தானத்துத் திண்ணைகளில் மணலில் எழுதிய சிறுவர் எண்ணப்படவில்லை. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் அடங்கிய அறந்தாங்கியோ தஞ்சைக் கணக்கில் சேர்ந்தது.

கலெக்டர் பலரும் கட்டங்களை நிரப்பி அனுப்பியதோடு அமைந்தனர். பல்லாரிக் கலெக்டர் கேம்பெல் மட்டும் பள்ளியின் உட்புறத்தையே எழுத்தில் வரைந்தார். காலை ஆறு மணியளவில் பள்ளி தொடங்கும். முதலில் வந்த சிறுவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவர். இரண்டாமவனுக்குச் சுழி; அவன் புகழ்ச்சிக்கும் உரியனல்லன், இகழ்ச்சிக்கும் உரியனல்லன். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, அடுத்தவனுக்கு இரண்டு, பின்வருவோர்க்கு ஒவ்வொன்றாக ஏறும். (இக்காலத்துப் பள்ளிகளில் இவ்வழக்கம் இல்லாமை பலருக்கு ஆறுதலாகும்!) மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பித்தனர். நம் நாட்டார் சட்டாம்பிள்ளை என அழைக்கும் அம்மாணவர் முறையை, எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார் முன்னரே இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றிருந்தார். சிறுவர் செய்யுள்களைப் பொருள் உணராது மனப்பாடம் செய்ததையும் கேம்பெல் மறைக்காது குறித்தார்.

ஆராய்வோர் பள்ளியில் பல நாள் இருந்து, அங்கு நிகழ்வனவற்றைக் கண்டும் கேட்டும் எழுதும் முறையை இன்று இனவரைவியல் என்பர். கேம்பெலின் அறிக்கை அதற்கு முழுதும் ஈடாகாது. எனினும், எண்ணிக்கையால் விளங்காத ஒன்றை அது விளக்கியது. அவர் மாவட்டத்தில் 533 பள்ளிகளில் 6,641 பேரே பயின்றனர். முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் அப்போது பள்ளி இல்லை. ஏன்? ஐரோப்பியத் துணிகள் வந்து நெசவாளரின் வருவாயைக் குறைத்தன. நாட்டின் செல்வம் வெளியே சென்றது. வறியோர் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க இயலாது போயினர். கம்பெனியின் அதிகாரி ஒருவரே கம்பெனி ஆட்சியின் விளைவை இங்ஙனம் துணிந்து எழுதினார்.

அறிக்கை வந்த பல்லாரி, மன்றோ தாமே வரி விதித்து ஆண்ட நிலம். அவ்வரி மிகையென உணர்ந்து நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807-இல் பரிந்துரைத்தவரும் அவரே. 1826-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் எழுதிய குறிப்பில், மக்களின் வறுமையும் அரசினர் ஊக்கம் அளிக்காமையும் கல்வித் தாழ்வுக்குக் காரணங்கள் என ஒப்புக்கொண்டார். ஆசிரியர் பலர் திங்களுக்கு ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை என்பதைச் சுட்டி, ஆசிரியரைப் பயிற்றச் சென்னையில் ஒரு பள்ளியும், மாவட்டந்தோறும் இரண்டு பள்ளிகளும், தாசில்தோறும் ஒரு பள்ளியும் நிறுவத் திட்டமிட்டார். ஏற்கெனவே இருந்த திண்ணைப் பள்ளிகளுக்குப் பொருளுதவி செய்ய அவர் கருதியிருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

திட்டம் வேரூன்றுமுன் மன்றோ மறைந்தார். தாம் ஆண்ட பழைய மாவட்டங்களைக் காணச் சென்றவர், 1827-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் கூத்திக்கு அண்மையிலுள்ள பத்திகொண்டாவில் வாந்திபேதியால் உயிர் நீத்தார். அவர் திட்டப்படி தோன்றிய பள்ளிகளும் 1836-இல் மூடப்பட்டன. கலெக்டர்கள் அனுப்பிய அறிக்கைகள் அரசின் பழைய ஆவணங்களுள் அடங்கிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி, தரம்பால் என்னும் அறிஞர் 1983-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.