ஜாக்கி ராபின்ஸனும் அக்டோபர் மாதமும்

சிலருடைய சரித்திரத்தில் ஒரே மாதம் மீண்டும் மீண்டும் வந்து, அவர்களுடைய ஏற்றத்தையும் தோல்வியையும் முடிவையும் குறித்துவிட்டுப் போவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்ஸனுக்கு அக்டோபர் அத்தகைய மாதமாக அமைந்தது. 1945 அக்டோபரில் அவர் பெயர் தேசமெங்கும் பரவியது. 1972 அக்டோபரில் அவர் மறைந்தார். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் ஒரு பெரிய தேசத்தின் மனச்சாட்சியோடு அவர் நடத்திய வழக்கு விளையாட்டை விரும்பாதவர்களும் அறியத்தக்கது. ஆகையால் அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகச் சொல்ல முற்படுகிறோம்.

நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு உள்ள செல்வாக்கைப் போன்றது அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு உள்ள செல்வாக்கு. பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடுவார்கள். பந்தை அடித்தவர் மூன்று தளங்களைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்தால் ஓர் ஓட்டம் சேரும். இளவேனிற் காலத்தில் தொடங்கும் பந்தயங்கள் இலையுதிர் காலத்தில் முடிவடையும். இரண்டு பெரிய லீகுகளில் முதலிடம் பெற்ற கோஷ்டிகள் இறுதியில் மோதிக்கொள்வதற்கு உலகத் தொடர் என்று பெயர். நான்கு ஆட்டங்களை முந்தி வெல்லும் கோஷ்டிக்கே பட்டம். அதனால் அக்டோபர் வந்தால் அத்தேசத்து ஜனங்களுக்கு வேறு பேச்சே இராது.

இத்தனை ஜனங்களும் கொண்டாடிய அந்த ஆட்டத்தில் கறுப்பு இனத்தாருக்கு இடம் இருக்கவில்லை. 1884-ஆம் ஆண்டில் மோஸஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்பவர் டொலீடோ நகரத்துக் கோஷ்டியில் ஆடினார். அதன் பிறகு கதவு அடைக்கப்பட்டது. ஆட்ட விதிகள் எவற்றிலும் இத்தடை எழுதப்படவில்லை. முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எழுதிய சட்டத்தை எதிர்த்து நியாயஸ்தலத்துக்குப் போகலாம். எழுதாத சட்டத்தை எதிர்த்து எங்கே போவது? கறுப்பு இனத்தார் தங்களுக்கென்று தனி லீகுகளை ஏற்படுத்திக்கொண்டு, குறைந்த ஊதியத்துக்கு ஊர் ஊராகச் சுற்றி ஆடினார்கள். 60 ஆண்டுகளுக்கு மேல் இந்நிலைமை நீடித்தது.

ராபின்ஸன் 1919 ஜனவரி 31-ஆம் தேதி ஜார்ஜியா மாகாணத்தில் கெய்ரோ என்ற சிற்றூரில், வாரத்துக்குப் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். தாயார் மாலி அம்மையார் தம் ஐந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு 1920-இல் கலிபோர்னியாவிலுள்ள பாஸடீனா நகரத்தில் குடியேறி, பிறர் வீடுகளில் வேலை செய்து அவர்களை வளர்த்தார். தமையனார் மாக் ராபின்ஸன் 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்தபடியாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர். பதக்கத்தோடு ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்தது தெரு கூட்டும் வேலைதான். திறமை மட்டும் இருந்தால் போதாது என்பதைத் தம்பி அந்த வீட்டிலேயே தெரிந்துகொண்டார்.

லாஸ் ஏஞ்ஜலிஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ராபின்ஸன் கால்பந்து, கூடைப்பந்து, ஓட்டமும் தாண்டலும், பேஸ்பால் ஆகிய நான்கிலும் கோஷ்டி வீரராக விளங்கினார். அங்கே நான்கிலும் அந்த மரியாதையைப் பெற்ற முதல்வர் அவரே. 1942-இல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, மறு ஆண்டு உத்தியோகஸ்தரானார். 1944 ஜூலையில் டெக்ஸஸ் மாகாணத்துப் பாசறையொன்றில், பஸ்ஸின் பின்பகுதிக்குப் போகும்படி வண்டி ஓட்டி இட்ட கட்டளைக்கு அவர் பணிய மறுத்தார். அதன் விளைவாக ராணுவ நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. விசாரணையின் முடிவில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அடங்கிப் போகும் இயல்பு அவரிடம் கிடையாது என்பதை வாசகர்கள் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் அவர் மேற்கொண்ட பொறுமையின் விலை அப்பொழுதுதான் புலப்படும்.

1945-இல் அவர் நீக்ரோ லீகில் கான்ஸஸ் ஸிடி மோனார்க்ஸ் கோஷ்டிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அச்சமயம் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் கோஷ்டியின் நிர்வாகியான ப்ராஞ்ச் ரிக்கி அவரைக் கூப்பிட்டனுப்பினார். ரிக்கி தெய்வ பக்தியுள்ளவர், கணக்கிலும் கெட்டிக்காரர். நிறபேதம் அநீதி என்ற எண்ணமும், ஒதுக்கப்பட்ட திறமையைச் சேர்த்துக்கொண்டால் வெற்றியும் வசூலும் பெருகும் என்ற எண்ணமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. லாபக் கணக்கு கலந்திருந்தது என்பதற்காக அவர் செய்த நன்மையைக் குறைத்துப் பேச மாட்டோம். நன்மை செய்தார் என்பதற்காக லாபக் கணக்கை மறைக்கவும் மாட்டோம். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே. யார் எவ்வளவு இழிவாகப் பேசினாலும், எத்தகைய தீங்கு செய்தாலும், ஆரம்ப காலத்தில் ராபின்ஸன் பதிலடி கொடுக்கலாகாது. பஸ்ஸில் ஓர் இடத்துக்காக ராணுவ நீதிமன்றம் வரை போனவர் அந்த நிபந்தனைக்கு உடன்பட்டார். அக்டோபர் 23-ஆம் தேதி மான்ட்ரீல் நகரத்தில் ஒப்பந்தம் பகிரங்கமாக்கப்பட்டது.

1946-இல் டாட்ஜர்ஸின் கிளைக் கோஷ்டியாகிய மான்ட்ரீல் ராயல்ஸில் அவர் ஆடினார. பயிற்சிக்காகச் சென்ற ஃப்ளாரிடாவில் சில ஊர்கள் அவரை மைதானத்துக்குள் விட மறுத்தன. எனினும் அப்பருவத்தில் 1000-க்கு 349 என்ற சராசரியோடு அந்த லீகின் முதல் மட்டை வீரராக அவர் நின்றார். இலையுதிர் காலத்தில் கிளைக் கோஷ்டிகளின் இறுதிப் பந்தயம் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத்தில் தொடங்கியது. அந்நகர மக்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பந்தயம் மான்ட்ரீலுக்குத் திரும்பி, அக்டோபர் 4-ஆம் தேதி ராயல்ஸ் வென்றபோது, வெள்ளை இனத்தார் நிறைந்த கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடி, தெருவரை துரத்திக்கொண்டு வந்தது. கறுப்பு மனிதர் ஒருவரை ஒரு கூட்டம் அன்பின் மிகுதியால் துரத்தியதைக் கண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் வியந்தார்கள்.

1947 ஏப்ரல் 15-ஆம் தேதி ப்ரூக்ளினிலுள்ள எபெட்ஸ் மைதானத்தில் ராபின்ஸன் பெரிய லீக் ஆட்டத்தில் இறங்கினார். நம் தேசம் விடுதலை பெற்றதும் அதே ஆண்டில்தான். அவர் அனுபவித்தவை கொஞ்சமல்ல. சொந்தக் கோஷ்டியிலேயே சிலர் அவருடன் ஆட விருப்பமில்லை என்று விண்ணப்பம் தயாரித்தார்கள். ஃபிலடெல்ஃபியா கோஷ்டியின் மானேஜர் பென் சாப்மன் தம் ஆட்களோடு சேர்ந்து அவருடைய நிறத்தைச் சொல்லி வசைமாரி பொழிந்தார். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. ராபின்ஸன் வாய் திறக்கவில்லை. அந்த ஆண்டு 29 முறை எதிரிகளை ஏமாற்றித் தளம் விட்டுத் தளம் பாய்ந்தார். சிறந்த புதிய வீரருக்கென்று அவ்வாண்டு முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட விருது அவருக்கே கிடைத்தது. உலகத் தொடரில் ஆடிய முதல் கறுப்பு வீரரும் அவரானார். நியூயார்க் யாங்கீஸிடம் டாட்ஜர்ஸ் ஏழாவது ஆட்டம் வரை போராடி அக்டோபர் 6-ஆம் தேதி தோற்றது.

மௌன காலம் முடிந்த பிறகு ராபின்ஸன் தம் இயல்புப்படி பேசினார், வாதாடினார், கோபப்பட்டார். பொறுமையாக இருந்தவரைப் புகழ்ந்த பலர் இப்பொழுது அவரைக் கர்வி என்றார்கள். வெள்ளை வீரரிடம் வீரமாகத் தோன்றிய குணம் இவரிடம் மட்டும் குற்றமாகத் தோன்றியது. 1949-இல் 1000-க்கு 342 என்ற சராசரியோடு அவர் தேசிய லீகின் தலைசிறந்த வீரராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆனால் உலகத் தொடர் மட்டும் கைக்கு எட்டவில்லை. 1949, 1952, 1953 ஆகிய ஆண்டுகளிலும் அதே யாங்கீஸிடம் தோல்வி. கடைசியில் 1955-ஆம் ஆண்டுத் தொடரின் முதல் ஆட்டத்தில், 36 வயதான ராபின்ஸன், பந்து எறிபவர் கண்ணெதிரே மூன்றாம் தளத்திலிருந்து பாய்ந்து ஓட்டம் சேர்த்தார். அந்த ஆட்டம் தோற்றது. ஆனால் அக்டோபர் 4-ஆம் தேதி ஏழாவது ஆட்டத்தில் இளைஞர் ஜானி பாட்ரஸ் எதிரிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் பந்தெறிய, ப்ரூக்ளின் முதன்முதலாக உலகப் பட்டத்தைப் பெற்றது. அன்று ராபின்ஸன் களம் இறங்கவில்லை. வெளியே உட்கார்ந்துதான் அந்த வெற்றியைப் பார்த்தார்.

மறு ஆண்டு அக்டோபர் அவருடைய ஆட்டத்துக்கு இறுதி அக்டோபர். 8-ஆம் தேதி யாங்கீஸின் டான் லார்ஸன், உலகத் தொடரில் எவரும் செய்திராதபடி, டாட்ஜர்ஸ் வீரர் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் ஆட்டத்தை முடித்தார். அவ்வாறு வீழ்ந்தவர்களில் ராபின்ஸனும் ஒருவர். மறுநாள் பத்தாவது சுற்றில் அவர் அடித்த அடியால் ஒரே ஓட்டத்தில் ப்ரூக்ளின் வென்றது. அதற்கு மறுநாள், 10-ஆம் தேதி, ஏழாவது ஆட்டம் படுதோல்வியில் முடிந்தது. கடைசி மட்டை வீரராக நின்று ஆட்டமிழந்தவரும் அவரே. சில வாரங்களில் டாட்ஜர்ஸ் அவரை வேறு கோஷ்டிக்கு மாற்றிவிட்டது. அவர் அங்கே போகாமல் ஓய்வு பெற்றார்.

அதன் பிறகு அவர் வியாபார ஸ்தாபனமொன்றில் உப தலைவராக அமர்ந்தார். கறுப்பு இனத்தாரின் உரிமைக் கிளர்ச்சிக்காகப் பணம் திரட்டினார், கூட்டங்களில் பேசினார். 1962-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பிழைகளும் செய்தார். 1949-இல் பாடகர் பால் ராப்ஸனின் கருத்துக்களுக்கு எதிராக அமெரிக்கப் பார்லிமெண்டின் விசாரணைக் குழுவில் சாட்சி சொன்னார். ராப்ஸன் செய்த தியாகங்களின் பெருமையைப் பிற்காலத்தில் உணர்ந்து எழுதினார். 1960 தேர்தலில் நிக்ஸனை ஆதரித்து, பின்னர் ஏமாற்றமடைந்தார். தவறினோம் என்று அறிந்தபோது அதைச் சொல்லும் தைரியமும் அவரிடம் இருந்தது.

1972 அக்டோபரில், அவருடைய முதல் ஆட்டத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, ஸின்ஸினாட்டி நகரத்தில் உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தின்போது அவருக்கு மரியாதை செய்ய அழைத்தார்கள். நீரிழிவு நோயால் அவருடைய கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது; முந்திய ஆண்டு மூத்த மகனை மோட்டார் விபத்தில் இழந்திருந்தார். தலை முழுதும் நரைத்த அம்மனிதர் 15-ஆம் தேதி மைதானத்தில் நின்று நன்றி கூறினார். ஆனால் நன்றியோடு நிறுத்தவில்லை. கோஷ்டிகளை நடத்தும் மானேஜர் ஸ்தானத்தில் ஒரு கறுப்பு முகத்தைக் காணும் நாளில்தான் தம் மகிழ்ச்சி பெருகும் என்பதை லட்சோபலட்சம் ஜனங்கள் கேட்கச் சொல்லிவிட்டார். ஒன்பது நாட்களுக்குப் பின், அக்டோபர் 24-ஆம் தேதி, 53-ஆம் வயதில் காலமானார்.

அவர் கேட்டது நடந்தது. ஆனால் அவர் பார்க்கவில்லை. 1974 அக்டோபர் 3-ஆம் தேதி க்ளீவ்லண்ட் கோஷ்டி ஃப்ராங்க் ராபின்ஸனை மானேஜராக நியமித்தது. அவர் ஜாக்கியின் உறவினரல்லர். அவர் திறந்த வழியில் வந்தவர். 1997-இல் ஜாக்கி ராபின்ஸன் அணிந்த 42 என்ற எண் எல்லாக் கோஷ்டிகளிலும் நிரந்தரமாக ஒதுக்கி வைக்கப்பட்டது. 2009 முதல் ஏப்ரல் 15-ஆம் தேதி தோறும் எல்லா வீரர்களும் அந்த ஒரே எண்ணை அணிந்து ஆடுகிறார்கள்.

இம்மரியாதைகள் யாவும் தகுந்தவையே. ஆயினும் மாலை போட்டு வணங்குவது எளிது. மாலைக்குரியவர் கேட்டதைக் கொடுப்பதுதான் கடினம். ஒதுக்கப்பட்டவனை ஆட அனுமதிப்பதோடு நீதி நிறைவேறிவிட்டதென்று அதிகாரத்தில் உள்ளவர்கள் எண்ணுவது உலகமெங்கும் காணப்படும் வழக்கம். உழைக்க இடம் கொடுப்பார்கள், கைதட்டுவார்கள், முடிவு செய்யும் நாற்காலியை மட்டும் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். தம்மைக் கௌரவிக்க வந்த சபையிலேயே, மரணத்தின் வாயிலில் நின்றுகொண்டு, அந்த நாற்காலியைச் சுட்டிக் காட்டியவர் ராபின்ஸன். அடித்த அடிகளும் பாய்ந்த தளங்களும் அவருக்குப் புகழ் தந்தன. ஆனால் அவருடைய அக்டோபர்களில் மிகப் பெரியது மட்டையின்றி அவர் நின்ற அந்தக் கடைசி அக்டோபரே என்பது நமது துணிபு.