தாமசு பிளான்ச்சார்டு

தாமசு பிளான்ச்சார்டு (சூன் 24, 1788 – ஏப்ரல் 16, 1864) ஓர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆவார். துப்பாக்கியின் மரக்கட்டையைப் போன்ற ஒழுங்கற்ற வடிவங்களை இயந்திரத்தால் கடையும் முறையை உருவாக்கியமைக்காக இவர் அறியப்படுகிறார். துப்பாக்கிக்கென எழுந்த இம்முறை பின்னர் செருப்புத் தைக்கும் கால் அச்சு, கோடரிக் காம்பு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் எனப் பல பொருட்களின் உற்பத்தியை மாற்றியது.

இளமை

பிளான்ச்சார்டு மாசச்சூசெட்சு மாநிலத்தின் சட்டன் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் இவருக்குத் திக்குவாய் இருந்தது. படிப்பில் பெரிதாகத் தேறவில்லை. 13-ஆம் வயதில் ஆப்பிள் தோல் சீவும் கருவி ஒன்றைச் செய்தார் என்பர். பின்னர் தம் அண்ணனின் சிற்றாணித் தொழிலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு ஆணிகளுக்குக் கையால் கொண்டை அடிக்கும் வேலை இவருக்கு அலுப்பூட்டியது. 18 வயதில் தொடங்கி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முயன்று, நிமிடத்திற்கு 500 ஆணிகள் செய்யும் இயந்திரத்தை முடித்தார். அதன் உரிமையை 5,000 டாலருக்கு விற்றார்.

குழலிலிருந்து கட்டைக்கு

அக்காலத்தில் மில்பரி ஊரில் ஆசா வாட்டர்சு என்பவர் அரசுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்து வந்தார். துப்பாக்கிக் குழலின் பெரும்பகுதி உருண்டையானது. அதைக் கடைசல் இயந்திரத்தில் எளிதில் கடையலாம். ஆனால் அடிப்பகுதி தட்டையான முகங்களும் நீள்வட்ட வளைவும் கொண்டது. அதை அரத்தால் தேய்த்தே செய்தனர். வாட்டர்சு அழைத்ததன்பேரில் 1818-இல் பிளான்ச்சார்டு இதற்கு வழி கண்டார். கடையும் உளி, குழல் சுழலச் சுழலத் தானே முன்னும் பின்னும் அசையுமாறு அமைத்தார்.

செய்தி அரசின் இசுப்பிரிங்பீல்டு படைக்கலச் சாலைக்கு எட்டியது. அங்கு இவர் இயந்திரத்தை இயக்கிக் காட்டியபோது, கட்டை செதுக்கும் தொழிலாளி ஒருவர், தம் வேலையை மட்டும் இவரால் பறிக்க முடியாது, கட்டையைக் கடைய எவராலும் ஆகாது என்று கூறினாராம். வீடு திரும்பும் வழியில், பிரிம்பீல்டு ஊரருகே விடை தோன்றி இவர் உரக்கக் கத்தினார் என்றும், கேட்டவர் இவருக்குப் பித்து என எண்ணினர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அத்தொழிலாளியின் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. கட்டையில் நேர்கோடோ முழு வட்டமோ இல்லை. தோளில் பதியும் அடிப்பகுதி அகன்றும், கை பிடிக்கும் கழுத்து ஒடுங்கியும், முன்பகுதி நீண்டு மெலிந்தும் இருக்கும். கருவால்நட்டு மரத்தை உளி, இழைப்புளி, அரம் கொண்டு கண் அளவில் செதுக்குவதே வழக்கம்.

இயந்திரம் இயங்கும் முறை

நமது ஊர்க் கடைவீதியில் சாவிக்கு நகல் எடுப்பவரைக் கவனித்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். ஒரு முனை பழைய சாவியின் பற்களை வருடிச் செல்ல, அதனுடன் இணைந்த வெட்டி புதிய சாவியை அறுக்கிறது. பிளான்ச்சார்டின் இயந்திரத்தில் பழைய சாவியின் இடத்தில் இரும்பாலான கட்டை மாதிரி இருக்கும். புதிய சாவியின் இடத்தில் கரடான மரத்துண்டு இருக்கும். இரண்டும் ஊசலாடும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டு ஒரே வேகத்தில் மெதுவாகச் சுழலும். மாதிரியின் மேல் ஒரு தொடு சக்கரம் அழுந்தியிருக்கும். அதே விட்டமுடைய வெட்டுச் சக்கரம் மிக வேகமாகச் சுழன்று மரத்தைச் சீவும். மாதிரியின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் சட்டம் அசைவதால், மரம் வெட்டுச் சக்கரத்தை நெருங்கியும் விலகியும் செல்லும். சக்கரங்கள் இரண்டும் நீளவாக்கில் நகர்ந்து முடிக்கும்போது மாதிரியின் வடிவம் மரத்தில் அமைந்துவிடும். கைத்திறன் முழுவதும் மாதிரியைச் செய்பவரிடம் ஒருமுறை மட்டுமே தேவைப்படுகிறது.

இதற்கு 1819 செப்டம்பர் 6 அன்று காப்புரிமை பெற்றார். திருத்திய காப்புரிமை 1820 சனவரி 20 அன்று வழங்கப்பட்டது.

இசுப்பிரிங்பீல்டு ஆண்டுகள்

வெளிவடிவம் பாதி வேலைதான். குழல், பூட்டு, அடித்தகடு ஆகியவை மரத்தில் இடைவெளியின்றிப் பதிய வேண்டும். பூட்டுக்குரிய பள்ளம் பல ஆழங்களும் வளைவுகளும் கொண்டது. 1823 முதல் படைக்கலச் சாலையின் உள்ளேயே ஒப்பந்தக்காரராகப் பணியாற்றிய பிளான்ச்சார்டு, கட்டை ஒன்றுக்கு 37 செண்ட் கூலி பெற்றுக்கொண்டே, இப்பள்ளங்களை வெட்டும் இயந்திரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கடைசியில் 14 இயந்திரங்கள் கொண்ட வரிசை உருவாயிற்று. இக்கட்டுரையாளரின் கருத்தில், புகழ்பெற்ற கடைசல் இயந்திரத்தைவிட இவ்வரிசையே பெரிய சாதனை. ஒரு கட்டையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்த தொழிலாளியின் இடத்தில், ஓர் இயந்திரத்துக்கு ஓர் ஆள் என்ற நிலை வந்தது. புதிதாகச் சேர்பவர் பல ஆண்டுகள் தொழில் பழக வேண்டிய தேவையும் குறைந்தது.

எனினும் கை வேலை முற்றிலும் மறையவில்லை. வெட்டுச் சக்கரம் மரத்தின் மேல் சிறு வரிகளை விட்டுச் செல்லும். சுரண்டு தகட்டாலும் உப்புத்தாளாலும் அவற்றை நீக்கி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து முடிப்பர். பழைய துப்பாக்கிக் கட்டைகளை வீட்டில் புதுப்பிப்போர் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. அளவுக்கு மீறித் தேய்த்தால் மரம் பூட்டுத் தகட்டின் மட்டத்திற்குக் கீழே இறங்கிவிடும். பூட்டுக்கு எதிர்ப்புறம் ஆய்வாளர் பதித்த முத்திரையும் அழியும். பிறகு அதை மீட்க வழியில்லை.

காப்புரிமைப் போராட்டம்

அரசுப் படைக்கலச் சாலைகளில் துப்பாக்கி ஒன்றுக்கு 9 செண்ட் உரிமைத்தொகை கிடைத்தது. வெளியிலோ, கால் அச்சும் கோடரிக் காம்பும் செய்வோர் அனுமதியின்றி இயந்திரத்தைப் படியெடுத்தனர். பிளான்ச்சார்டு பல வழக்குகளைத் தொடுத்தார். 14 ஆண்டுக் காப்புரிமை 1834-இல் முடிந்தபோது, போதிய பலன் கிட்டவில்லை என்று கூறி அமெரிக்கப் பேரவையின் தனிச் சட்டத்தின் மூலம் நீட்டிப்புப் பெற்றார். அச்சட்டத்தின் வாசகத்தில் இருந்த பிழை வழக்கில் சிக்கலானதால், 1839-இல் திருத்தப்பட்டது. 1848-இல் மீண்டும் நீட்டிப்புப் பெற்றார். அப்போது பேரவை உறுப்பினர்களின் மார்பளவுச் சிலைகளைத் தம் இயந்திரத்தால் கடைந்து நாடாளுமன்றக் கட்டடத்தில் வைத்தார் எனப்படுகிறது. ஆங்கிலத்தில் கடைவதற்கும் திருப்புவதற்கும் ஒரே சொல்லாதலால், உறுப்பினர்களின் தலைகளையே இவர் திருப்பிவிட்டார் என்று நகைச்சுவையாகப் பேசிக்கொண்டனர். ஒரு காப்புரிமை இவ்வாறு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது அரிது. பிறரின் முன்னேற்றத்திற்கு அது தடையாக இருந்தது என்ற குறையில் நியாயம் உண்டு.

பிற பணிகள்

1825-இல் நீராவி வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கனெடிகட்டு ஆற்றின் ஆழம் குறைந்த பகுதிகளில் செல்லக்கூடிய நீராவிப் படகுகளைக் கட்டினார். பின்னாளில் மரத்தை வளைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இதில் மரத்தின் இரு முனைகளையும் அழுத்திப் பிடித்தபடி வளைப்பதால் வெளிப்புற நார்கள் அறுவதில்லை. இவர் பெற்ற காப்புரிமைகள் 25-க்கு மேற்பட்டவை. பாசுட்டன் நகரில் காலமானார்.

கடல் கடந்த தாக்கம்

1854-இல் பிரித்தானிய அரசின் குழு அமெரிக்கப் படைக்கலச் சாலைகளைப் பார்வையிட்டது. அதன் விளைவாக, சிக்கோப்பியிலிருந்த ஏம்சு நிறுவனத்திடமிருந்து கட்டை செய்யும் இயந்திரங்கள் இங்கிலாந்தின் என்பீல்டு தொழிற்சாலைக்கு வாங்கப்பட்டன. அங்கு அவற்றைக் கொண்டு 1853 மாதிரித் துப்பாக்கி செய்யப்பட்டது. இந்தியாவில் 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது சர்ச்சைக்குள்ளான கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இம்மாதிரித் துப்பாக்கிக்கு உரியவையே.

இசுப்பிரிங்பீல்டு படைக்கலச் சாலை 1968-இல் மூடப்பட்டு, பின்னர் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டது. பிளான்ச்சார்டின் 1822-ஆம் ஆண்டுக் கடைசல் இயந்திரம் அங்குப் பாதுகாக்கப்படுகிறது.