மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மனுவோடு போகிறவர்கள் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் ஏறி இறங்குவார்கள். அதன் பெயர் நாமக்கல் கவிஞர் மாளிகை. அரசாணைகளிலும் கடித உறைகளிலும் நாள்தோறும் அச்சாகும் பெயர் இது. ஆனால் அந்தக் கவிஞர் யார் என்று அங்கே வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் யோசிப்பார்கள். அவர் பிறந்த ஊர் நாமக்கல்லே அல்ல என்பது இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும்.

நாமக்கல்லிலிருந்து தெற்கே காவிரிக் கரையில் இருக்கிறது மோகனூர். ஆற்றுக்கு அக்கரையில் கரூர் மாவட்டம். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த இந்த ஊரில் 1888 அக்டோபர் 19 அன்று வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்தார். தந்தை வெங்கடராமன் காவல் துறையில் பணியாற்றியவர். தாயார் அம்மணி அம்மாள். பெண் பிள்ளைகள் ஏழு பேருக்குப் பிறகு எட்டாவதாக வந்த ஆண் பிள்ளை என்பதால் வீட்டில் செல்லம் அதிகம். வெள்ளையர் அரசின் சம்பளத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளை அதே அரசின் சிறைக்குப் போன கதைதான் அவருடைய வாழ்க்கை.

நாமக்கல்லிலும் கோவையிலும் படித்துவிட்டுத் திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரிக்குப் போனார். பிறகு நாமக்கல் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை, சிறிது காலம் பள்ளி ஆசிரியர் வேலை. இரண்டிலும் அவர் மனம் ஒட்டவில்லை. அவர் கை தேடியது தூரிகையை. ஓவியமே அவருக்குச் சோறு போட்டது. டெல்லி தர்பாரையொட்டி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப் பதக்கம் பெற்றார். இதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ஓர் ஓவியனுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. பின்னாளில் அவர் எடுத்த நிலை எவ்வளவு தூரம் நடந்து வந்த நிலை என்பதும் இதனால்தான் நமக்குப் புரிகிறது.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பாரதியாரைச் சந்தித்தது அவருக்கு ஒரு திருப்பம். ஓவியர் என்று அறிமுகமானவர் பாட்டும் எழுதுவார் என்று தெரிந்ததும் பாரதி கேட்டு மகிழ்ந்து பாராட்டினார். காந்தியடிகளின் அறப்போர் அவரை முழுமையாக ஈர்த்தது. நாமக்கல், கரூர் வட்டாரங்களில் காங்கிரஸ் வேலைகளில் இறங்கினார்.

1930-ல் தண்டியில் காந்தி உப்பு எடுத்தார். தமிழகத்தில் ராஜாஜி தலைமையில் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கி நடந்தார்கள். ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தூரம், பதினைந்து நாள் நடை. தஞ்சை கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று அறிவித்திருந்தார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு விலகிக்கொண்டார்கள். யார் கொடுத்தது என்று போலீஸ் யாரைப் பிடிக்கும்?

அந்த நடைக்காக இராமலிங்கம் பிள்ளை எழுதிக் கொடுத்த வழிநடைப் பாட்டைத்தான் தொண்டர்கள் ஊர் ஊராகப் பாடிச் சென்றார்கள். ஆயுதம் ஏந்தாமல், குருதி சிந்தாமல் நடக்கும் புதுமையான போர் இது என்பதே அதன் கருத்து. அகிம்சை என்ற சொல்லை மேடையில் எவ்வளவு விளக்கினாலும் வயலில் நிற்பவருக்கு அது எட்டாமல் போயிருக்கலாம். கால் தாளத்துக்கு ஒத்த எளிய தமிழில் அது வந்தபோது சிறு பிள்ளைகளும் பாடினார்கள். ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு எடுத்துக் கைதானார். அந்தச் செயலை நினைவூட்டும் தூண் இன்றும் அகஸ்தியம்பள்ளியில் நிற்கிறது. கல் ஓரிடத்தில்தான் நிற்கும். பாட்டு வழி நெடுகப் பரவியது. இந்தப் போராட்ட காலத்தில் கவிஞரும் ஓராண்டு சிறைத் தண்டனை அனுபவித்தார்.

கவிதையோடு அவர் நின்றுவிடவில்லை. திருக்குறளுக்கு உரை, தன்வரலாறான 'என் கதை', புதினங்கள் என்று நிறைய எழுதினார். அவருடைய 'மலைக்கள்ளன்' 1954-ல் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமாகி, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. திரைக்கதை வசனம் மு. கருணாநிதி. அதே கதை 1955-ல் இந்தியில் 'ஆசாத்' ஆனபோது நாயகனாக நடித்தவர் திலீப் குமார் என்ற யூசுப் கான். பெஷாவரில் பிறந்த யூசுப் கானுக்கு ஏற்ற வேடம் ஒன்று காவிரிக் கரைக்காரரின் பேனாவில் பிறந்தது என்பதைப் பலர் கவனித்ததில்லை.

விடுதலைக்குப் பின் 1949-ல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1971-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1972 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தார்.

நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு அரசின் நினைவு இல்லமாக உள்ளது. அங்குள்ள அரசு மகளிர் கலைக் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கோட்டை மாளிகையின் பெயரில்தான் கூடுதல் பொருத்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது. உப்புக்கு வரி போட்டு, எடுத்தவனைச் சிறையில் தள்ளிய மாகாண அரசின் தலைமையிடம் அந்தக் கோட்டை. இன்று அங்கே ஓங்கி நிற்கும் கட்டடத்தில் இருப்பது உப்பு நடைக்குப் பாட்டெழுதியவரின் பெயர்.

ஆனால் அந்தப் பெயரிலும் ஊர் நாமக்கல்தான். கவிஞரின் பெயரைச் சொல்லும்போது மோகனூர் விட்டுப்போகிறது. காவிரியைக் கடந்து அவ்வழியே போகிறவர்கள், பேருந்தில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் இது அவர் பிறந்த ஊர் என்று காட்டலாம்.