ஸ்வீடன் தந்த இசைக்குயில்



ஆண்டு விழா நெருங்கிவிட்டால் பள்ளி மேடைப் பக்கம் ஒரே ஆரவாரம்தான். இசை நாடகத்திற்குப் பெயர் கொடுப்போர் வரிசை நாளுக்கு நாள் நீளும். பாடவும் வேண்டும், ஆடவும் வேண்டும், வசனமும் பேச வேண்டும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஒரு முறை நாங்களும் அந்த வரிசையில் நின்றோம். ஐந்து நாட்கள் விடாமல் உச்சஸ்தாயியில் பாடி ஒத்திகை பார்த்ததில், விழாவிற்கு முந்தின நாள் எங்கள் கதாநாயகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பனங்கற்கண்டும் மிளகுப் பாலும் சித்தரத்தையும் வீட்டுக்கு வீடு வந்து குவிந்தன. குரல் மட்டும் வரவில்லை. மேடையில் அரசகுமாரி வாயசைக்க, திரைக்குப் பின்னால் நின்று வேறொருத்தி பாடினாள். அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். பின்னர் ஜென்னி லிண்ட் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோது அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 1820-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் ஜென்னி பிறந்தாள். வசதியான குடும்பமன்று. தாயார் வீட்டிலேயே சிறு பள்ளி நடத்திப் பிழைத்தவர். தனிமையில் வளர்ந்த சிறுமிக்கு ஒரு பூனைதான் தோழி. சன்னலோரம் அமர்ந்து அந்தப் பூனைக்குப் பாடிக்காட்டுவது அவள் வழக்கம். ஒன்பதாம் வயதில் ஒரு நாள் அவள் அப்படிப் பாடிக்கொண்டிருக்கையில், தெருவில் போன பணிப்பெண் ஒருத்தி கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் வேலை பார்த்ததோ அரசு இசை நாடக அரங்கின் நடன மங்கை லுண்ட்பெர்க் என்பவரிடம். செய்தி அவர் காதுக்கு எட்டியது. அவர் சிறுமியை வரவழைத்துக் கேட்டு வியந்து, அரங்கின் பாட்டு ஆசிரியரிடம் அனுப்பிவைத்தார். நாடகப் பிழைப்பு என்றதும் தாயார் முதலில் தயங்கினாராம். அக்காலத்தில் எந்தத் தாய்தான் தயங்கியிருக்கமாட்டாள்? இறுதியில் இசைந்தார். அரசாங்கச் செலவிலேயே பாட்டும் நடிப்பும் நடனமும் ஜென்னிக்குக் கற்பிக்கப்பட்டன.

பத்தாம் வயதிலேயே மேடையேற்றம். பன்னிரண்டாம் வயதில் குரல் ஒரு முறை தடுமாறிச் சிறிது காலம் பாடாமல் இருக்க நேர்ந்தது. அது முதல் எச்சரிக்கை. ஆனால் குரல் திரும்பியதும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். 1838-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள், வெபரின் ‘டெர் ஃபிரைஷூட்ஸ்’ என்னும் இசை நாடகத்தில் அகாதே என்ற கதாநாயகியாகத் தோன்றினார். அப்போது வயது பதினேழுதான். அன்று காலையில் ஒருத்தியாக எழுந்து இரவில் வேறொருத்தியாக உறங்கச் சென்றதாகவே அவர் எண்ணினார். ஆகவே வாழ்நாள் முழுதும் மார்ச் 7-ஐத் தம் இரண்டாம் பிறந்த நாளாகக் கொண்டாடி வந்தார். இருபது வயதிற்குள் அரசவைப் பாடகி என்ற பட்டமும், அரசு இசைக் கழகத்தின் உறுப்பினர் பதவியும் வந்து சேர்ந்தன.

பாடப் பாட ராகம் என்று நம் பெரியோர் சொல்வார்கள். முறையறியாமல் பாடினாலோ அது ரோகமாகத்தான் முடியும். ஜென்னி இரவுக்கிரவு மேடையேறினார்; ஓய்வு நாட்களில் ஊர் ஊராகச் சென்று கச்சேரியும் செய்தார். மூச்சை எங்கே எடுப்பது, உச்சத்தைத் தொண்டையை இறுக்காமல் எப்படித் தொடுவது என்று அவருக்கு யாரும் செவ்வையாகக் கற்றுத் தரவில்லை. உணர்ச்சி மேலிட்டால் குரலை அழுத்திவிடுவார். நடுத்தர சுரங்கள் கரகரத்தன, உச்ச சுரங்கள் களைத்தன. ஸ்டாக்ஹோம் ரசிகர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தம் குரல் தேய்கிறது என்பதை முதலில் உணர்ந்தவர் அவரேதான். இந்த இடத்தில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். சொந்த நாட்டில் புகழின் உச்சியில் இருக்கும் இருபது வயதுப் பெண், தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு மாணவியாகப் புறப்படுவது எளிதா? கச்சேரிகளில் சேர்த்த பணத்துடன் 1841-இல் அவர் பாரிஸ் நகருக்குப் பயணமானார்.

அங்கே மானுவேல் கார்சியா என்ற புகழ்பெற்ற ஆசிரியர் இருந்தார். ஆடியைக் கொண்டு மனிதத் தொண்டைக்குள் குரல்நாண்கள் அசைவதை 1854-இல் பார்த்து, அறிவியலுக்கே புது வழி காட்டியவர் இவர்தாம். நூறு வயதையும் தாண்டி வாழ்ந்தார். அவர் முன் நின்று ஜென்னி பாடினார். பாதியிலேயே குரல் உடைந்தது. ஆசிரியர் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டார்: குரலே இல்லாதபோது கற்பிக்க என்ன இருக்கிறது என்று. கண்ணீருடன் நின்ற பெண்ணைப் பார்த்து மனமிரங்கி ஒரு நிபந்தனை விதித்தார். பல வாரங்களுக்கு ஒரு சுரம்கூடப் பாடக் கூடாது. பேச்சையும் இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் பார்க்கலாம்.

பாடகிக்கு மௌன விரதம்! குரல் திரும்பும் என்று ஆசிரியர் உறுதியும் கொடுக்கவில்லை. அயலூர், அயல் மொழி, கரைந்துகொண்டிருக்கும் கைப்பணம். அந்த வாரங்களை ஜென்னி அழுதே கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ உட்கார்ந்து பிரெஞ்சும் இத்தாலியமும் படித்தார்.

தவணை முடிந்து திரும்பி வந்தபோது குரலில் சிறிது உயிர் தெரிந்தது. அரசவைப் பாடகிக்கு ஆசிரியர் கற்பித்த முதல் பாடம் என்ன தெரியுமா? ஏறு வரிசையும் இறங்கு வரிசையும்! நம் பக்கத்தில் சரளி வரிசை என்போமே, ஏறத்தாழ அதுதான். அதையும் மெல்ல, மிக மெல்லப் பாட வேண்டும். மூச்சை ஒரே சீராக விட வேண்டும், குரல் கரகரப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கமகம் போன்ற துரித அசைவுகளைக்கூட நத்தை வேகத்தில் தொடங்கிப் பழக வேண்டும். இப்படிப் பத்து மாதங்கள். 1842-இல் ஸ்டாக்ஹோம் திரும்பி ‘நோர்மா’ நாடகத்தில் அவர் பாடியபோது, இது பழைய குரல்தானா என்று ஊரார் வியந்தனர். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. இளமையில் கெட்டுப்போன நடுத்தர சுரங்கள் முழுமையாகத் தெளியவே இல்லை. மெல்லிய திரை போட்டது போன்ற ஒரு மங்கல் அவற்றில் கடைசி வரை இருந்தது. கலைத்திறனால் அதை மறைத்துப் பாடினாரே தவிர, கார்சியாவாலும் அதைப் போக்க இயலவில்லை.

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1843-இல் டென்மார்க்கில் அவர் பாடக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தவர் குழந்தைக் கதை மன்னர் ஆண்டர்சன். அவர் எழுதிய ‘நைட்டிங்கேல்’ கதைக்கு ஜென்னியே தூண்டுதல் என்பர். அம்மையாரோ அவரைச் சகோதரராக மட்டுமே மதித்தார். 1844-இல் பெர்லின், 1847-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் லண்டன். விக்டோரியா மகாராணியார் நேரில் வந்து கேட்டார். நகரெங்கும் ஜென்னி லிண்ட் பித்து.

ஆயினும் மேடையேறும் முன் ஒவ்வொரு முறையும் நடுக்கம். இசை நாடக உலகின் பூசலும் போட்டியும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1849-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், இருபத்தெட்டே வயதில், நாடக மேடைக்கு விடை கொடுத்துவிட்டார். பலர் அதைப் பிடிவாதம் என்றார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. மறுபடியும் குரலைத் தேய்த்துக்கொள்ள அவர் விரும்பவில்லை என்றே கருதுகிறோம். கச்சேரி மேடையில் தொடர்ந்து பாடித்தான் வந்தார்.

அமெரிக்கப் பயணம் தனிக் கதை. அவர் பாட்டை ஒரு முறைகூடக் கேட்டிராத பார்னம் என்ற காட்சிக்காரர், கச்சேரிக்கு 1,000 டாலர் வீதம் 150 கச்சேரிகளுக்கு அழைப்பு விடுத்தார். அம்மையார் மயங்கிவிடவில்லை. முழுத் தொகையான 1,87,500 டாலரை முன்கூட்டியே வங்கியில் கட்டச் செய்த பிறகே கப்பலேறினார். கலைஞர் என்றால் கணக்குத் தெரியாதவர் என்று எண்ணுவோர் கவனிக்க! 1850 செப்டம்பரில் நியூயார்க் துறைமுகத்தில் பல்லாயிரவர் கூடினர். நுழைவுச்சீட்டுகள் ஏலம் விடப்பட்டன. முதல் சீட்டைத் தொப்பி வியாபாரி ஒருவர் 225 டாலருக்கு எடுத்தார். ஓயாத விளம்பர இரைச்சல் பிடிக்காமல் 1851-இல் பார்னத்தைவிட்டு விலகித் தாமே கச்சேரிகளை நடத்தினார். ஈட்டியதில் பெரும்பகுதி ஸ்வீடனில் இலவசப் பள்ளிகளுக்கும் பிற அறச்செயல்களுக்கும் சென்றது. 2017-இல் வந்த ஆங்கில இசைத் திரைப்படத்தில் அவருக்கும் பார்னத்திற்கும் காதல் இருந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். அது வெறும் கற்பனை. 1852-இல் பாஸ்டன் நகரில் பியானோ கலைஞர் ஓட்டோ கோல்ட்ஷ்மிட் என்பவரை மணந்து, பின்னர் இங்கிலாந்தில் குடியேறி, மூன்று மக்களுக்குத் தாயானார்.

இன்னொரு செய்தி எங்களுக்கு மிகவும் பிடித்தது. இசையறிஞர் மெண்டல்சன் அம்மையாரின் நண்பர். 1847-இல் அவர் மறைந்ததும், அவர் பெயரால் உபகாரச் சம்பளம் ஒன்றை ஏற்படுத்துவதற்காக, 1848-இல் லண்டனில் அவருடைய ‘எலியா’ என்ற படைப்பில் பாடி ஆயிரம் பவுன் திரட்டிக்கொடுத்தார். 1856-இல் அந்த உதவியை முதன்முதலாகப் பெற்றவன் ஆர்தர் சல்லிவன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன். அவனே வளர்ந்து, கில்பர்ட்டின் பாடல்களுக்கு இசையமைத்து, ‘மிக்காடோ’ முதலிய நகைச்சுவை இசை நாடகங்களைத் தந்தான். இன்று உலகெங்கும் நடக்கும் இசை நாடகங்களுக்கு அவை முன்னோடிகள்.

1883-இல் லண்டனில் அரசு இசைக் கல்லூரி திறக்கப்பட்டபோது அம்மையார் அங்கே குரலிசைப் பேராசிரியை ஆனார். தம்மிடம் வந்த மாணவியர் பாட்டு மட்டும் கற்றால் போதாது என்பது அவர் கட்டளை. சுர ஞானம், பியானோ, இசைவிணைப்பு, உச்சரிப்பு, மேடையில் நிற்கும் நடக்கும் முறை, குறைந்தது ஓர் அயல்மொழி எனப் பட்டியல் நீண்டது. பாரிஸில் வாய் மூடியிருந்த வாரங்களில் தாம் மொழி படித்ததை அவர் மறக்கவில்லை போலும்.

1887-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் மால்வெர்ன் குன்றுப் பகுதியில் இருந்த தம் இல்லத்தில் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 1894-இல் அவருக்கு நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டது. 1996-இல் ஸ்வீடன் அரசு வெளியிட்ட 50 குரோனா நோட்டில் அவர் முகம் அச்சாகியிருந்தது. அந்த நோட்டு 2016 வரை செல்லுபடியாயிற்று. அவர் பாடிய குரலோ எந்த இசைத்தட்டிலும் நமக்குக் கிடைக்கவில்லை.