குழந்தைகளைக் காத்த எமில் பெரிங்

துரு ஆணி கீறினா டி.டி. ஊசி போடுறாங்களே, அதுக்கு வழி காட்டினவர் யார் தெரியுமா? எமில் பெரிங்.

1854 மார்ச் 15-ல் பிரஷ்யாவில் ஹான்ஸ்டார்ஃப் கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போ போலந்தில் இருக்கு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் 13 பிள்ளைகள். படிக்க வைக்கக் காசு இல்லை. அதனால் இராணுவ டாக்டர் படிப்பில் சேர்ந்தார். படிச்சு முடிச்சதும் பல வருஷம் பட்டாளத்தில் வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் வந்தால் குழந்தைகள் மூச்சு முட்டியே இறந்து போகும். பெர்லினில் ராபர்ட் கோக் ஆய்வகத்தில் ஜப்பானியர் கிடசாட்டோவோடு பெரிங் சேர்ந்தார். கிருமியின் விஷத்தைப் பக்குவப்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விலங்குக்குப் போட்டார்கள். அது தாக்குப்பிடித்தது. அதன் ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கும் தெளிநீரை எடுத்து வேறொரு விலங்குக்குப் போட்டார்கள். அதுவும் பிழைத்தது! ஒரு உடம்பு சம்பாதிச்ச எதிர்ப்புச் சக்தியை இன்னொரு உடம்புக்குக் கடன் கொடுக்கலாம்னு 1890-ல் எழுதினார்கள். அந்தத் தெளிநீரில் இருப்பதுதான் எதிர்ப்பொருள். பால் எர்லிக் அதன் வீரியத்தை அளக்க வழி சொன்னார். பிறகு குதிரை ரத்தத்திலிருந்து மருந்து தயாரானது.

மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் பெரிங்குக்கு மட்டும் கிடைத்தது. கிடசாட்டோவுக்குத் தரவில்லை. எனக்கு இது சரியாப் படலை. ரணஜன்னிக் கிருமியை 1889-ல் தனியாக வளர்த்துக் காட்டினதே அவர்தானே! பெரிங் 1917 மார்ச் 31-ல் மார்பர்க் நகரில் இறந்தார்.

முன்னாடி நம்ம மலையில் கையில் கிடைச்சதை வச்சுத் தொப்புள்கொடியை அறுப்பாங்களாம். நல்லாப் பால் குடிச்ச பிள்ளை ஏழெட்டு நாளில் வாய் கட்டி, உடம்பு வில்லாய் வளைஞ்சு செத்துப்போகும்னு அப்பத்தா சொல்லும். அதுதான் ரணஜன்னி. இப்போ கர்ப்பிணி அம்மாவுக்கு ஊசி போடுறாங்க. அம்மாவின் எதிர்ப்பொருள் நஞ்சு வழியாப் பிள்ளைக்குப் போயிடும். பிறந்த குழந்தைகளின் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் அறிவித்தார்கள்.

போன வருஷம் எங்க அத்தைக்குக் குறைமாசத்தில் பாப்பா பிறந்தது. ரத்தத்தில் கிருமி பரவி, ஜீப்பில் போடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தேனிக்குப் போனாங்க. அம்மாவிடமிருந்து எதிர்ப்பொருள் அதிகமா வருவது கடைசி மூணு மாசத்தில்தானாம். அப்பத்தா டாக்டரிடம் என் ரத்தத்தை எடுத்துப் போடுங்கன்னு அழுததாம். பெரிங் நினைச்சதும் அதே மாதிரிதானே! ஆனா பெரியவங்க ரத்தத்திலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலினை, இப்படிக் கிருமி தாக்கின பச்சைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க. 9 நாடுகளில் 3,493 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு அது. பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு அந்த மருந்து இல்லாத திரவம். இறப்பிலோ ஊனத்திலோ வித்தியாசம் இல்லைன்னு 2011-ல் முடிவு வந்தது. அதனால் பாப்பாவுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசிதான் போட்டாங்க, அத்தை பால் பீய்ச்சிக் கொடுத்தாங்க. 21 நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தது. இப்போ சுவரைப் பிடிச்சு நிக்குது.

- 9-ஆம் வகுப்பு மாணவி