கண்ணாடி கற்ற டாக்டர் ஆத்மாராம்

கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் பிறந்த வாலிபன் ஒருவன், எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சமவெளிக்கு இறங்கி, சர்வகலாசாலையில் கண்ணாடித் தொழிலைக் கற்க விரும்புவதாகச் சொன்னால் அவன் சுற்றத்தார் என்ன கூறுவர்? வளையல் வார்க்கவும் குப்பி ஊதவும் பட்டம் எதற்கு என்றே கேட்பர். சட்டம் பயின்ற நாமுங்கூட அவனைச் சர்க்கார் உத்தியோகத்திற்குத் திருப்பிவிடவே முயல்வோம். அவ்விதம் எண்ணுவோர் டாக்டர் ஆத்மாராமின் சரித்திரத்தை அறிதல் நலம்.

ஐக்கிய மாகாணத்துப் பிஜ்னூர் ஜில்லாவில், பிலானா என்னும் சிற்றூரில், 1908-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி அவர் பிறந்தார். சுதேசிக் கிளர்ச்சியின் பயனாக, ஜனங்கள் ஆளுக்கொரு காசாக அளித்த நிதியைக் கொண்டு, பூனாவுக்கருகே தளேகாவில் பைசா நிதிக் கண்ணாடிச்சாலை தோன்றியதும் அவ்வாண்டிலேயே. கிராமத்துச் சிறுவராகிய ஆத்மாராம், அலகாபாத் சர்வகலாசாலையில் நீலரத்தின தார் என்னும் ஆசிரியரிடம் இரசாயன சாஸ்திரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார்.

கண்ணாடி சர்வகலாசாலைக்கு உரியதன்று என்ற எண்ணம் மேனாட்டிலும் இருந்ததே. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியக் கண்ணாடி வருவது நின்றபின்னரே இங்கிலாந்து விழித்தது. 1915-ல் ஷெபீல்டு சர்வகலாசாலையில் டர்னர் என்பவர் கண்ணாடிக்கென ஒரு பகுதியை ஆரம்பித்தார். நம் தேசத்திலோ பண்டித மாளவியா நிறுவிய காசி சர்வகலாசாலையில் 1924-ல் மண்பாண்டத் தொழிற்கல்வி தொடங்கியது. கண்ணாடி ஊதுவோனின்றி இரசாயனப் பிரயோகசாலை எதுவும் நடைபெறாதென்பதைப் படித்தோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கல்கத்தாவில் 1950-ம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி திறக்கப்பட்ட மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1952-ல் ஆத்மாராம் தலைவரானார். அவர் கண்ட பெருங்குறை ஒளியியல் கண்ணாடி. தொலைநோக்கிக்கும் பூதக்கண்ணாடிக்கும், யுத்தக் கருவிகளுக்கும் வேண்டிய இப்பொருளைச் செய்யும் முறையைச் சில தேசங்கள் மட்டுமே அறிந்து, அதை மறைத்துவந்தன. அதில் ஒரு குமிழியும் ஓர் இழையும் இருத்தல் ஆகாது. ஒளி எங்கும் ஒரே அளவாக வளைய வேண்டும். ஆகையால் உருகிய குழம்பை இடைவிடாது கலக்கி, பல நாட்கள் மிக மெதுவாக ஆறவிடுவர். அக்குழம்பின் உக்கிரத்தை மண்கலமும் தாங்கவேண்டும். கலம் சிறிது கரைந்தாலும் கண்ணாடி கெட்டது. விலைகொடுத்துப் பிறரிடம் இரகசியத்தை வாங்காமல், ஆத்மாராமும் அவருடைய சகாக்களும் கலம் முதல் கலவை ஈறாக யாவற்றையும் தாமே ஆராய்ந்து வெற்றிகண்டனர். 1959-ல் பட்நாகர் பரிசும் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன.

சிவப்புக் கண்ணாடியையும் அவர் எளியதென்று தள்ளவில்லை. வளையலுக்கும் ரயில்வே விளக்குக்கும் வேண்டிய அந்நிறத்தைப் பெற, பிறநாட்டிலிருந்து வரும் செலீனியத்தையே தொழிலாளர் நம்பியிருந்தனர். செம்பு கண்ணாடிக்குச் சிவப்பூட்டும் விதத்தை அவர் நுணுகி ஆராய்ந்தார். பிரோசாபாத் வளையல் உலையும் சாஸ்திர பீடமும் அவருக்கு ஒன்றுக்கொன்று அந்நியமானவையல்ல.

1966 முதல் 1971 வரை அகில இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி சபையின் தலைமைப் பதவியை வகித்தார். சாஸ்திரங்களைத் தாய்மொழியில் கூறவேண்டுமென்பது அவர் கொள்கை. ஹிந்தியில் விஞ்ஞானம் எழுதுவோர்க்கு இன்று அவர் பெயரால் விருதளிக்கின்றனர். 1983-ம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி அவர் காலமானார்.

ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் பெருங்கண்ணாடித் தொழிற்சாலையொன்று இயங்கிவருகிறது. ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் கண்ணாடியைக் கலையாகவும் கற்பிக்கின்றனர். தமிழில் இக்கல்வி எத்துணை வளர்ந்துள்ளது? உலையருகே நின்று ஊதுகுழல் பிடிப்பவனைக் கைவேலைக்காரன் என்று ஒதுக்கும் வழக்கத்தை நாம் விட்டாலன்றி அது வளராது. திருப்புலி நாட்டு வாலிபன் தன் விருப்பத்தைச் சொல்லும் நாளில், அவனைத் தடுப்பதற்கு முன் பிலானாக் கிராமத்தை நாம் நினைத்துப் பார்ப்போமாக.