டிப்ளமோ படித்த நோபல் மேதை



நோபல் பரிசு என்றாலே நம் மனசுல பெரிய பெரிய பட்டங்கள்தான் வந்து நிற்கும். பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி எழுத்துக்கள் நீளும். ஆனால் 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கிய ஒருவர் டாக்டரும் இல்லை, பட்டதாரியும் இல்லை. நம்மைப் போல டிப்ளமோ படித்தவர். வேலை பார்த்ததோ பாட்டு ரெக்கார்டு போடுகிற கம்பெனியில்! அவர்தான் சி.டி. ஸ்கேன் கருவியைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு.

1919 ஆகஸ்ட் 28-ல் இங்கிலாந்தில் நெவார்க் என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. பள்ளிக்கூடத்தில் கணக்கும் இயற்பியலும் தவிர மற்றதில் மனசு ஒட்டவில்லை. பண்ணையில் கிடந்த மிஷின்களைக் கழற்றிப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. குரலைப் பதிவு செய்யும் கருவியைத் தானே செய்தார். சொந்தமாக இறக்கை செய்து கட்டிக்கொண்டு வைக்கோல் போர் மேலிருந்து குதித்தார். எலும்பு முறியாமல் தப்பியதே பெரிய விஷயம்!

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் விமானப்படையில் சேர்ந்தார். அங்கே ரேடியோவும் ரேடாரும் கற்றார், பிறகு மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்தத் திறமையைப் பார்த்த உயர் அதிகாரி ஒருவர் உதவித்தொகைக்கு வழி செய்தார். அதை வைத்து லண்டனில் ஃபாரடே ஹவுஸ் என்ற மின்பொறியியல் கல்லூரியில் படித்து டிப்ளமோ வாங்கினார்.

பிறகு சேர்ந்த இடம் எமி கம்பெனி. குழாய் முன்னால் நாய் உட்கார்ந்து பாட்டு கேட்கிற படம் போட்ட எச்.எம்.வி. ரெக்கார்டு ஞாபகம் இருக்கிறதா? எங்க ஏரலில் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு மைக் செட் போட்ட பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த எச்.எம்.வி.யின் தாய் வீடு எமிதான். ஆனால் எமியில் பாட்டு மட்டும் இல்லை, எலக்ட்ரானிக்ஸ் பிரிவும் இருந்தது. அங்கே ஹவுன்ஸ்ஃபீல்டு ரேடாரில் வேலை பார்த்தார். 1950-களின் கடைசியில், முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன எமிடெக் 1100 என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார்.

அடுத்து எடுத்த ஒரு வேலை பாதியில் நின்றுபோனது. வேறு என்ன செய்யலாம் என்று அவரையே யோசிக்கச் சொன்னார்கள். 1967-ல் ஒரு யோசனை பிறந்தது. மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறக்காமலே சொல்ல முடியுமா? எல்லாக் கோணத்திலிருந்தும் எக்ஸ்ரே செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் வெளியே வருகிறது என்று அளந்தால் முடியும் என்றார்.

சாதாரண எக்ஸ்ரேயில் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாம் ஒரே நிழலாக விழும். மண்டை எலும்பு தெரியும், உள்ளே மூளை தெரியாது. ஆனால் ஆயிரக்கணக்கான அளவுகள் கையில் இருந்தால், முதல் வருஷக் கணக்கில் நாம் போட்ட ஒருங்கமை சமன்பாடுகள் மாதிரி கம்ப்யூட்டர் அவிழ்த்து, ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் சொல்லிவிடும். இந்தக் கணக்கை அமெரிக்காவில் ஆலன் கார்மாக் என்ற பேராசிரியர் 1963-லேயே எழுதியிருந்தார். அது ஹவுன்ஸ்ஃபீல்டுக்குத் தெரியாது. பின்னாளில் நோபல் பரிசு இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது.

முதல் கருவியை எதில் கட்டினார் தெரியுமா? நம்ம ஒர்க்ஷாப்பில் நிற்கிறதே லேத், அதன் பெட் மேலேதான்! ஒரே ஒரு படத்துக்கு அளவெடுக்க 9 நாள் ஆனது. 28,000 அளவுகள். அதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட இரண்டரை மணி நேரம். எக்ஸ்ரே குழாய் மாட்டியபின் 9 நாள் 9 மணி நேரமாகக் குறைந்தது. கறிக்கடையில் மாட்டு மூளை வாங்கிவந்து சோதித்தார். நிபுணர்கள் சிலர் நம்பவில்லை. ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற கதிரியக்க மருத்துவர் நம்பினார்.

1971 அக்டோபர் 1. லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் மூளைக்கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்மணிக்கு முதல் ஸ்கேன். படம் 80-க்கு 80 கட்டம்தான். ஆனாலும் கட்டி இருக்கும் இடம் பளிச்சென்று தெரிந்தது. மண்டையைத் திறக்காமல் மூளையைப் பார்க்கும் காலம் அன்று பிறந்தது.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்க சித்தப்பா பைக்கில் சறுக்கி விழுந்தார். வெளியே சின்னக் காயம்தான், நல்லாத்தான் பேசினார். ராத்திரி வாந்தி வந்ததும் பயந்துபோய் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனோம். தலையை ஸ்கேன் செய்த சில நிமிஷத்தில் ரத்தம் கட்டியிருப்பது தெரிந்து, உடனே ஆபரேஷன் நடந்தது. இன்றைக்கு அவர் பழையபடி வாழைத்தார் ஏற்றுகிறார்.

பிறகு பிலிமை வாங்கிப் பார்த்தபோது எச்.யு. என்ற எழுத்து கண்ணில் பட்டது. டெக்னீஷியன் அண்ணனிடம் கேட்டேன். அது ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்றார். தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டியான எலும்புக்கு 1000-ஐ ஒட்டி. மூளை 30, 40 என்று சாம்பலாகத் தெரியும். புது ரத்தம் 60-ஐ ஒட்டி வெளுப்பாகத் தெரியும். அந்தச் சின்ன வித்தியாசம்தான் எங்க சித்தப்பா உயிர். எங்க வீட்ல முதன்முதலா படிக்கிறவன் நான். டிப்ளமோ முடித்து என்னடா கிடைக்கும் என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

பீட்டில்ஸ் பாட்டு விற்ற பணத்தில்தான் ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அவர்கள் ரெக்கார்டை வெளியிட்டது எமி என்பது நிஜம். ஆனால் பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறையும் இதில் பெரும் பணம் போட்டது. கண்டுபிடித்த கம்பெனி நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. மற்ற கம்பெனிகள் போட்டிக்கு வர, நஷ்டம் வந்தது. 1979-ல் எமியை தார்ன் கம்பெனி வாங்கிக்கொண்டது, ஸ்கேனர் தொழிலும் கைவிட்டுப் போனது.

பாட்டுக் கம்பெனி போன அதே வழியில் இன்று விளையாட்டுக் கம்பெனிகளும் வருகின்றன. வீடியோ கேமுக்காகப் பிறந்த கிராஃபிக்ஸ் சிப்புகள் இன்று ஸ்கேன் படங்களை வேகமாகக் கணக்கிட உதவுகின்றன. ஜப்பானின் நின்டெண்டோ, தூக்கத்தை அளக்கும் கருவி செய்வதாக 2014-ல் அறிவித்து, பக்குவம் போதவில்லை என்று 2016-ல் ஒதுக்கி வைத்தது. விளையாட்டில் தோற்றால் மறுபடி ஆடலாம். உடம்பு விஷயத்தில் அப்படி முடியாது. ஒரே படத்துக்கு 9 நாள் காத்திருந்த பொறுமை வேண்டும்.

சர் பட்டம் 1981-ல் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத அந்த மனிதர், புகழ் வந்தபின்னும் ஆராய்ச்சியை விடவில்லை. 2004 ஆகஸ்ட் 12-ல் தன் 84-வது வயதில் மறைந்தார். அவர் பெயர் மட்டும் ஒவ்வொரு ஸ்கேன் பிலிமிலும் இரண்டு எழுத்தாக வாழ்கிறது.

நண்பர்களே! லேத்தும் சால்டரிங் அயர்னும் நம் கையிலும் இருக்கின்றன. எந்தப் படிப்பும் சின்னப் படிப்பு இல்லை. கேள்வி கேட்போம், கையால் செய்து பார்ப்போம். உழைப்போம், உயர்வோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை, ஏரல்